டேப்பு தைத்த சட்டை

காஞ்சிபுரத்தில் யாருக்கு எந்த வருஷம் தொப்பை விழுந்தது, யாருக்கு எந்த வருஷம் முதுகு வளைந்தது என்பதெல்லாம் காமாட்சியம்மனுக்கு அடுத்தபடி தெரிந்த ஒரே ஆள், எங்கள் தெருத் தையல்காரர் டேப்புதான்.

நோட்டில் பழைய அளவை அவர் அடிக்கவே மாட்டார். தீபாவளிக்குத் தீபாவளி புது அளவைப் பக்கத்தில் எழுதுவார். தைக்க வந்தவர்களை மட்டுமா அளப்பார்? ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களையும் விடமாட்டார்.

"தைக்கத் துணியே இல்லபா."

"துணியா கேட்டேன்? வயித்த எக்காம நில்லு. நோட்டுல பொய் எழுத மாட்டேன்."

பட்டுக்கடை முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. தன்னிடம் நெய்கிறவர்களுக்கெல்லாம் சட்டை தைக்கச் சொல்லி டேப்பிடம் துணி கொடுத்தார். அந்தப் பட்டியலில் இருந்த என் அண்ணனுக்கும் அதே அறுபதுதான். நாற்பது வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்து அந்த முதலாளிக்கே நெய்தவர். "உனக்குக் கை தளர்ந்துடுச்சு, இனிமே பாவு கிடையாது" என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். பாவு நூல் வராவிட்டால் தறி சும்மா கிடக்கும். வீட்டு அடுப்பும் அப்படித்தான்.

"எல்லாம் தலையெழுத்து" என்றேன் டேப்பிடம்.

"தலையெழுத்துன்னா தலைதானே தேயணும்? முதுகு ஏன்யா தேஞ்சுது?" என்று சீறினார்.

கல்யாணத்தன்று கோயில் மண்டபத்தில் அண்ணன் சட்டையைப் போட்டதும் சனம் சிரித்தது. தோள் முழங்கைக்கு இறங்கியது, கை விரல்களை மூடியது, உள்ளே இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம். டேப்பை அறையலாம் போலிருந்தது எனக்கு.

"இன்னாயா, அளவு தப்பிட்ட?" என்றார் மாலையோடு உட்கார்ந்திருந்த முதலாளி.

டேப்பு நோட்டை விரித்தார். "தப்பலீங்க. இருபது வயசுல உங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல அளந்தேன். மார்பு, தோள், கை எல்லாம் ஒரே அளவு. அந்த அளவுலதான் தெச்சேன். உங்களுது வருஷா வருஷம் ஏறிக்கினு வந்துச்சு, இவருது எறங்கிக்கினே போச்சு. குழியில உக்காந்து உங்க பொடவையத்தானே நெய்தாரு? இந்தச் சட்டைய ரொப்ப வேண்டிய ஒடம்பு எங்க போச்சு, சொல்லுங்க."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி தரையைப் பார்த்தபடி, "நாளைக்கு வந்து பாவு வாங்கிக்கினு போ" என்றார். அதையும் அன்னதானம் போடுகிறவர் மாதிரிச் சொன்னார். உழைத்துத் தேய்ந்தவனுக்கு வேலை கொடுப்பது தானமாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் கண்மூடும்வரை பாவு நிற்கவில்லை. ஆனால் அந்தக் கடைத் துணி டேப்பிடம் மறுபடி வரவேயில்லை. மற்ற முதலாளிகளும் நிறுத்திக்கொண்டார்கள். நான் போய் அவர் முன்னால் நின்று அழுதேன்.

"அழுவறத அப்பறம் அழு. தோளு ஆடுது, அளக்க முடியல" என்றார்.

அம்மன் சன்னதியில் வீட்டார் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் வேண்டிக்கொள்வேன். என் பிள்ளைகளுக்கும் முன்னால் அவர் பெயர்தான் வாயில் வருகிறது.