வலப்பக்கம் மட்டும் திரும்பும் ஊர்

“அப்பா, ஆஸ்பத்திரி இடப்பக்கம்.”

“தெரியும். இடப்பக்கம் திரும்பினால் ஏறின சக்தி முழுக்க இறங்கிப்போடும். மூண்டு தரம் வலப்பக்கம் திரும்பிப் போவம்.”

“மூண்டாவது திருப்பத்திலை அருட்பிரகாசத்தின்ரை வீடெல்லோ வரும்?”

“ஓம். வந்தால் இறங்கி ஒரு சுத்துச் சுத்துவம்.”

ஸ்கூட்டியை ஓட்டிய பொன்னம்பலத்துக்குச் சலரோகம். காற்புண் கறுத்துக்கொண்டு வந்தது. இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். கொக்குவிலில் அருட்பிரகாசத்தின் குவாண்டம் வளையம் இருக்க ஊசி எதற்கு?

வளையம் என்பது அவர் வீட்டு முற்றத்தில் கவிழ்த்துவைத்த செப்புக்குடம். மேலே ஒரு பச்சை மின்குமிழ். வலமாகச் சுற்றினால் எரியும்: சக்தி வரவு. இடமாகச் சுற்றினால் எரியாது: சக்தி இழப்பு. வரவைக் காப்பாற்ற ஊரே வலப்பக்கம் மட்டும் திரும்பியது. கல்யாண மண்டபம் இடப்பக்கம் இருந்த பாவத்துக்கு, ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் அடுத்த ஊரான இணுவில்வரை போய் வந்தது.

பின்னால் இருந்த மகள் ஆரபி நெல்லியடியில் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். சக்தியை இழந்தும் பெற்றும் இயங்கும் குவாண்டம் அமைப்புகளில், ஒரு விசேட புள்ளியை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம் என்பதே கடைசியில் எந்த நிலைக்குப் போய்ச் சேர்கிறோம் என்பதைத் தீர்மானிக்கலாம். உண்மைதான். ஆய்வுகூடத்தில் ஒளியை வைத்துப் பார்த்தார்கள். அருட்பிரகாசம் ஒளியை விட்டுவிட்டு ஊரைச் சுற்றவிட்டார்.

மூன்றாவது திருப்பத்தில் இருவரும் இறங்கினார்கள். வளையத்தடியில் சனம் நெரிந்தது.

“ஐயா, உங்கடை சக்தி சுவரைத் தாண்டுமோ?” என்று அருட்பிரகாசத்தைக் கேட்டாள் ஆரபி.

“சுவரோ? கனடாவுக்கே போகுது, பிள்ளை!”

“அப்ப ஒரு போர்வையைத் தாண்டாதே?”

கதிரையில் இருந்த அவருக்கும் குடத்துக்கும் நடுவே போர்வையைக் கட்டினாள். தகப்பனின் காதுக்குள், “அசையாதேங்கோ,” என்றாள். பிறகு உரத்து, “அப்பா வலமாச் சுத்துறார்!”

பொன்னம்பலம் நட்ட கம்பமாக நின்றார். குமிழ் பச்சைப்பசேலென்று எரிந்தது.

சனம் சிரித்தது. ஆரபி போர்வையை இழுத்தாள். கதிரைக்கடியில் ஒரு சுவிச்சு. அதன்மேல் அருட்பிரகாசத்தின் கால் பெருவிரல்.

“போர்வை சக்தியைக் குழப்பிப்போட்டுது,” என்றார் அவர், விரலை எடுக்காமலே. பாதிச் சனம் தலையாட்டியது. தலை இருப்பதே ஆட்டுவதற்கு மட்டுந்தான் என்று நினைத்திருக்கும் அந்தப் பாதி.

மறுபடி ஒரு சந்தி. ஆஸ்பத்திரி இங்கேயும் இடப்பக்கம். பொன்னம்பலம் ஸ்கூட்டியை நிறுத்தினார். வலப்பக்க சிக்னல் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, நிண்ட இடத்திலையே சக்தி ஏறினதைக் கண்டனீங்கள்தானே? அந்தாளின்ரை பெருவிரலை நம்பி உங்கடை காலைக் குடுக்கப்போறியளோ? ஒருக்கா யோசியுங்கோ. இடப்பக்கம் திருப்புங்கோ, அப்பா.”