படுத்துக்கொண்ட எரிமலை

படித்ததை எல்லாம் புரிந்துகொண்டதாக நினைப்பது ஒரு நோய். இருபத்திரண்டு வயதில் எனக்கு அது முற்றியிருந்தது.

அப்போது ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். ஆய்வாளர் அம்மையார் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்தித் தேறினால் வேலை நிரந்தரம். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டும் என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, தன் தீராத இருமலோடு இனி வேலைக்குப் போக வேண்டியிராது.

நான் எரிமலையை எடுத்துக்கொண்டேன். (எளிய பாடமான தவளை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கேட்டால்தானே!) மூடியில்லாத, மெல்லிய பலகைப் பெட்டி, அதில் பக்கத்து வீட்டார் ரம்ஜான் நோன்புக்குச் செய்வதுபோல் காய்ச்சி, தளதளவென்று உறையவைத்த கடற்பாசி. அதுதான் பூமி. அடியில் உள்ள துளை வழியே சைக்கிள் பம்ப்பால் சிவப்பு நீரைச் செலுத்தினால், பூமியைக் கிழித்துக்கொண்டு மேலே பீறிடும். வீட்டில் மூன்று முறை பீறிட்டது.

அன்று காலை, ரிக்‌ஷாவில் பெட்டி குலுங்குமே என்று நைனா அதைச் சுற்றிக் கயிறு போட்டு முறுக்கினார்.

"இன்னாத்துக்கு நைனா இவ்ளோ இறுக்கம்?"

"கப்பல்ல ஏத்துற கட்டும்மா இது. ரங்கூன் வரிக்கும் அசையாது. நீ தகிரியமா போ."

வகுப்பில் அந்த முடிச்சு அவிழவில்லை. அறுக்க மனமில்லாமல் அப்படியே விட்டேன்.

"இப்போது மேலே வரும்" என்று அறிவித்துப் பம்ப்பை அழுத்தினேன். வரவில்லை.

"வருமா, வராதா?" என்றார் ஆய்வாளர்.

"வரும், மேடம்."

"டீச்சர், அது தூங்கிகினு கீது" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

முழுப்பலத்தோடு அழுத்தினேன். பலகை இடுக்கிலிருந்து பாய்ந்த சிவப்பு, அம்மையாரின் வெள்ளைப் புடவையில் போய் முடிந்தது.

எல்லோரும் போனபின் கடற்பாசியை வெட்டிப் பார்த்தேன். சிவப்பு நீர் உள்ளே பாய் விரித்ததுபோல் கிடையாகப் பரவியிருந்தது. என் குறிப்பேட்டில் நானே எழுதிவைத்திருந்த வரி அப்போதுதான் விளங்கியது: அழுத்தம் எந்தத் திசையில் குறைவோ அந்தத் திசையில்தான் பாறை விலகிக்கொடுக்கும், சுற்றிலும் நெருக்கினால், பாறைக்குழம்பு மேலேறாமல், மேலடுக்கைச் சற்றே தூக்கிவிட்டு அடியில் பரவும். கயிறு நெருக்கிய பெட்டிக்குள் எரிமலை சரியாகத்தான் நடந்துகொண்டது.

வேலை போயிற்று.

"கட்டு தாங்கிச்சாம்மா?" என்றார் நைனா.

"தாங்கிச்சு நைனா."

"எரிமலை?"

"படுத்துக்கிச்சு."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க வெகுநேரமாயிற்று. மறுநாள் துறைமுகத்துக்குப் போனார். பின்னும் நான்கு ஆண்டுகள் போனார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது காலையில் எழ மறுத்தால், "எரிமலை படுத்துக்கிச்சு" என்பார்கள். இருந்தவரை அதைச் சொல்லி அதிகம் சிரித்தவர் நைனாதான். அன்று என்னதான் கோளாறு என்று அவர் கேட்டபோதெல்லாம், பம்ப் சரியில்லை என்றே சொல்லிவந்தேன்.