பியூஸ் சுற்றிய மயில்

மலேசியாவின் கேமரன் மலையில் இருட்டைத் தன் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்ட மனிதர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன். மனைவிகூட அவரை ‘பியூஸ்’ என்றுதான் கூப்பிடுவார். சொந்தக் கல்யாணத்தில் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, “பந்தல்ல ஒரு பச்ச பல்பு செத்துப்போச்சு, ஏணி கொண்டாங்கடா” என்றவர்.

எழுபதுகளின் கடைசியில் முருகன் கோயில் திருவிழாவுக்கு, எதிரே இருந்த தேயிலைச் சரிவு முழுவதும் பல்புகளால் ஒரு மயில் கட்டினார். ஈப்போ நகரிலிருந்து வாடகைக்கு வரும் விளக்குகள் சும்மா எரியும். இந்த மயில் தோகை விரிக்கும்.

தேயிலைப் பெட்டிகளின் ஓரத் தகரத்தை வெட்டி ஒரு மர உருளையில் அடித்திருந்தார். மோட்டார் உருளையை மெல்லச் சுற்றும்; மோட்டார் நின்றால் கையால் சுற்ற ஒரு கைப்பிடியும் உண்டு. தகரம் தொடும் கம்பியில் உள்ள பல்புகள் எரியும், நகர்ந்ததும் அணையும், அடுத்த வரிசை எரியும்.

தொழிற்சாலை மின்சாரத்தைத் தர எஸ்டேட் மேனேஜரான துரை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

“கொழுந்து வாட்டுற ஃபேன் நின்னுச்சு, உனக்கு வேலை கிடையாது.”

எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். பியூஸ் அசரவில்லை.

“அதனாலதான்லா என் மயிலு ஆடுது! கொஞ்சம் பல்பு எரியறப்ப மத்ததெல்லாம் தூங்கும். எல்லாம் ஒண்ணா முழிச்சாத்தான் ஃபேன் படுக்கும்.”

திருவிழா அன்று மாலை, ரதம் வந்து நின்றது. தோகை விரிந்தது. நாதஸ்வரக்காரர் ஊத மறந்தார்.

சிக்கல் அப்போதுதான் வந்தது. தீபாராதனையின்போது ஒரு விளக்குகூட அணைந்திருக்கக் கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். பல்புகளைப் பற்றி எல்லாம் யோசித்த பியூஸ் இதை மறந்திருந்தார். கோயில் தலைவரான கங்காணி ஓடிவந்தார்.

“எல்லாத்தையும் ஒண்ணாப் போடுய்யா! சாமிக்கு அர மயிலையா காட்டுவ?”

“போட்டா ஃபேன் நின்னுரும், கங்காணி. என் வீடு போயிரும்!”

“போடலன்னா ரதம் நகராது!”

பியூஸ் மயிலைப் பார்த்தார், தொழிற்சாலையைப் பார்த்தார். சட்டென்று மோட்டார் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உருளையின் கைப்பிடியைப் பிடித்து வெறி பிடித்தவர் போலச் சுற்றினார். நீலப் பொறி பறந்தது. எந்த நொடியிலும் கொஞ்சம் பல்புகளுக்குத்தான் மின்சாரம்; ஆனால் அணைந்த பல்பின் இழை குளிர்வதற்குள் அது மறுபடி வந்தது. தலை முதல் தோகை நுனி வரை முழு மயிலும், சற்று மங்கலாக, பனிமூட்டத்துக்குள் நடுங்கியபடி எழுந்து நின்றது. உயிருள்ள ஒன்று மூச்சு விடுவது போலிருந்தது. அத்தனை பேர் கூடிய இடத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

துரை மட்டும் மயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தொழிற்சாலைப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவரும் திரும்பினார். திரும்பியவர் தொப்பியைக் கழற்றினார்.

“சீக்கிரம் காட்டுங்க பூசாரி, கை போவுது!” என்று பியூஸ் அலறினார். பூசாரியோ வாயைப் பிளந்து, கற்பூரத் தட்டை மயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பியூஸுக்குக் கை தூக்க வரவில்லை. தானா ராத்தா டவுன் டீக்கடையில் கங்காணிதான் டீ கிளாஸை அவர் வாயருகே பிடித்தார். “ஊதிக் குடி, பியூஸு.”

பின்னாளில் பெரிய நகரங்களில் கட்டடம் கட்டடமாக விளக்குகள் ஓடுவதைப் பார்த்துவிட்டேன். எல்லாம் தானாகவே ஓடுகின்றன என்கிறார்கள். நான் மட்டும் ஒருமுறை பின்பக்கம் போய், யாருக்காவது கை வலிக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.