வழிமொழியும் கை

கை மேலே போய்விட்டது. செயலாளர் தீர்மானத்தின் தலைப்பைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். 'தேசிய' என்ற சொல்லைத் தாண்டி 'கார்பன்' என்ற சொல்லுக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் இரண்டாவது வரிசையில் ஒரு நீல பாத்தேக் சட்டைக்குள்ளிருந்து கை புறப்பட்டு, உயரத்தில் போய் நின்றுகொண்டது.

"சாயா சொக்கோங்!"

ஆதரிக்கிறேன் என்று பொருள். எதை என்று தலைவர் கேட்டார். இன்னும் யாரும் எதையும் முன்மொழியவில்லையே என்றும் மலாயில் மெதுவாக நினைவூட்டினார். கை இறங்கவில்லை. முன்மொழிய வேண்டியவர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, முன்மொழிந்து உட்காரும்வரை அது மேலேயே காத்திருந்தது.

வாசகரே, இந்தக் கை எந்த இனத்தைச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். கோயில் பொதுக்கூட்டத்தில், பள்ளிப் பெற்றோர் சங்கத்தில், மரண சகாய நிதியின் ஆண்டுக் கூட்டத்தில் அதைப் பார்த்திருக்கிறீர்கள். கூட்டங்களில் முன்மொழிபவர்கள் உண்டு, எதிர்ப்பவர்கள் உண்டு, பின்வரிசையில் தூங்குபவர்களும் உண்டு. இவர்களில் எவருமல்லாத இன்னொருவரும் உண்டு. முன்வரிசையில் உட்காரமாட்டார், அங்கே கேள்வி வரும். பின்வரிசையிலும் உட்காரமாட்டார், அங்கே கேமரா வராது. அவர்தான் வழிமொழிபவர்.

நம்முடையவரின் பெயர் சுகுமாரன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நகராண்மைக் கழகம் ஒன்றில் உறுப்பினர். தேர்தல் இல்லாத பதவி. யாரோ பெயரைக் கொடுத்தார்கள், யாரோ சரி என்றார்கள், இவர் சட்டை தைத்துக்கொண்டார். ஊரில் அவருக்குச் சொக்கோங் அண்ணன் என்று பெயர். முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

இந்தத் தேர்ச்சி ஒரே நாளில் வந்துவிடுமா? பெண் பார்க்கப் போன வீட்டில் பிடித்திருக்கிறது என்று சொன்னவர் அவருடைய அண்ணன். இவர் ஆமாம் என்றார். வீடு வாங்கலாம் என்றவர் மாமனார். இவர் ஆமாம் என்றார். இன்றைக்கும் மனைவி விமலா அடுப்படியிலிருந்து, "மத்தியானத்துக்கு என்னங்க வைக்கிறது?" என்று கேட்டால், "நீயே சொல்லும்மா" என்பார்.

"கத்திரிக்கா?"

"முழு ஆதரவு."

கத்திரிக்காய் கசந்தால் அது விமலாவின் கத்திரிக்காய்.

சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. வெகுகாலத்துக்கு முன்பு தோட்டத்துக் கோயிலில், அன்னதானத்துக்கு இனி விறகு வேண்டாம், கேஸ் அடுப்பு வாங்கலாம் என்று ராமையா முன்மொழிந்தார். சுகுமாரன் வழிமொழிந்தார். திருவிழாவன்று சாம்பார் கொதிக்க ஆரம்பித்த நேரத்தில் கேஸ் தீர்ந்தது. பாதிப் பந்திக்கு வெறும் சோறு. ராமையா இப்போது கோலா கங்சாரில் மகளோடு இருக்கிறார். என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால், "என்னா ராமையா, அடுப்பு எரியுதா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். வழிமொழிந்தவரை யாரும் கேட்டதில்லை. அப்படி ஒருவர் இருந்ததே யாருக்கும் நினைவில்லை. சுகுமாரனுக்கு நினைவிருக்கிறது. முன்மொழிபவனுக்கு அடுப்பு, வழிமொழிபவனுக்குப் பந்தி. வாழ்க்கையில் அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான், அதை நன்றாகவே கற்றிருந்தார்.

அப்படிப்பட்டவருக்குக் கார்பன் வரித் தீர்மானம் வந்தால் எப்படி இருக்கும்? பெரிய ஆலைகள் வானத்துக்குள் விடும் கரிப்புகைக்கு மத்திய அரசு விலை வைக்க வேண்டும், அதற்கு இந்த நகராண்மைக் கழகம் முழு ஆதரவு தருகிறது. அதுதான் தீர்மானம். நல்ல தீர்மானம். புகையை விடுகிறவன் அதற்குப் பணம் கட்டுவதில் என்ன குற்றம் இருக்கிறது? ஆனால் சுகுமாரனுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. வரியைப் போட வேண்டியவர்கள் புத்ராஜெயா அமைச்சகங்களில் இருக்கிறார்கள். கட்ட வேண்டியவர்கள் எங்கோ இரும்பு உருக்குகிறார்கள். வாசகத்தை எழுதியவர் கழகத்தின் அதிகாரி. இவருக்கென்று மிச்சமிருந்தது ஒரு கை மட்டும். ஒரு நாடே முன்மொழிய, தான் ஒருவன் வழிமொழிகிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கூட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஷரபுதீன் கடையில் உட்கார்ந்து அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வெயிலு ஏன் இப்படி அடிக்குது? புகை, பாய். கடலோரம் பாகான் டத்தோல தென்னைக்கெல்லாம் உப்புத்தண்ணி ஏறுது. இனிமே புகை விடறவன் காசு கட்டணும்."

ஷரபுதீன் ரொட்டிக் கல்லைப் பார்த்தார். "நம்ம கல்லுக்குமா?"

"ச்சே, பெரிய ஃபேக்டரிக்கு மட்டும்தான் லா."

"அப்ப நமக்கும் முழு ஆதரவு," என்றார் ஷரபுதீன், ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.

அந்த நேரத்தில்தான் பிரமிளா உள்ளே வந்தாள். பழைய ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருப்பவள். கையுறை ஆலையில் வேலை. அவளுடைய அப்பா சன்னாசிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன; வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்கு டயலிசிஸ். ஈப்போ பஸ் இந்தப் பக்கம் வருகிறதுதான். ஆனால் பெரிய சாலைச் சந்திப்போடு திரும்பிப் போய்விடும். சந்திப்பிலிருந்து தாமானுக்குச் செம்பனைகளுக்கு நடுவே ஒற்றைத் தார்ச்சாலை. டயலிசிஸ் முடித்து வருகிற ஆள் அந்த வெயிலில் நடந்தால் வீடு போய்ச் சேரமாட்டார். இதுவரை பக்கத்து வீட்டுக்காரரின் லோரியில் போவார், அது போகாத நாளில் அவள் லீவு போட்டுக் கூட்டிப்போவாள். அவளுக்கும் லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. இனி ஒருநாள் வராவிட்டாலும், தாமதமாக வந்தாலும் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"அண்ணே, பஸ் கம்பெனியில போயி பேசிட்டேன். உள்ளுக்கு வந்துட்டுப் போறதுக்கு அவங்களுக்குச் சம்மதமாம். கவுன்சில் கூட்டத்துல வச்சுக் கேட்டா போதும், மறுநாளே விட்டுர்றோம்னு சொல்றாங்க. புதன்கிழமை கூட்டத்துல நீங்க எடுத்துப் பேசணும்."

"முழு ஆதரவு தங்கச்சி."

"ஆதரவு கெடக்குது அண்ணே. நீங்க எந்திரிச்சுக் கேளுங்க."

"யாராச்சும் கேட்டாங்கன்னா, அடுத்த செகண்டு என் கை மேல இருக்கும். நீயே பாரு."

"அந்த யாராச்சும் யாரு?"

சுகுமாரன் தே தாரே டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதத்தான் பாக்கணும்," என்றார்.

"அப்பா ஒருநாள் டயலிசிஸ விட்டா என்னாவும்னு தெரியுமாண்ணே?"

"தெரியும்மா."

"அப்ப சரி. புதன்கிழமை நைட் ஷிப்ட். பகல்ல நானே வந்து மேல உக்காந்து பாப்பேன்."

வந்தாள். பொதுமக்களுக்கென்று மண்டபத்தின் மேலே போட்டிருந்த நாற்காலிகளில் அவள் ஒருத்திதான். கை மேலே போனதைப் பார்த்தாள். தீர்மானம் முறையாக முன்மொழியப்பட்ட பிறகு, வழிமொழிபவர் ஓரிரு வார்த்தை பேசலாம் என்று தலைவர் சொன்னதும் சுகுமாரன் எழுந்தார். அவர் கூட்டங்களில் பேசுவது அபூர்வம். அன்று பேசினார். பூமி சூடாகிறது என்றார். கிந்தா பள்ளத்தாக்கு முன்பெல்லாம் இப்படி இல்லை என்றார். வரி மட்டும் போதாது, மக்களும் மாற வேண்டும், காரை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போகப் பழக வேண்டும் என்றார்.

மேலே பிரமிளா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அடுத்த வாக்கியம் அதுவாகத்தான் இருக்க முடியும். பஸ் என்ற சொல்லையே சொல்லிவிட்டாரே, இன்னும் ஓர் அடிதானே?

"தெரிமா காசே," என்று நன்றி சொல்லி உட்கார்ந்தார் சுகுமாரன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். வேறு விவகாரங்கள் ஏதும் உண்டா என்று தலைவர் கேட்டார்.

சுகுமாரன் வலப்பக்கம் பார்த்தார். பக்கத்து உறுப்பினர் அமீருல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் மகேந்திரன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பார்க்கவில்லை, பார்க்காமலே அவளுடைய கண்கள் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்தது. நாக்கில் சொல் வந்து நின்றது. சின்னச் சொல்தான். ஆனால் அதைச் சொன்னால் பெயர் முதலில் பதிவாகும். சாலை குறுகல் என்று யாராவது சொல்வார்கள், போய்ப் பார் என்பார்கள். பஸ் என்றைக்காவது வராமல் போனால் சுகுமாரன் பஸ் என்பார்கள். பேரப்பிள்ளைகள் காலம்வரை, என்னா சுகுமாரன், பஸ் ஓடுதா? அவருக்குச் சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது. அப்படியும் உள்ளங்கை மேசையைவிட்டு எழும்பத்தான் செய்தது.

எழும்பியதைப் பிரமிளா பார்த்தாள்.

"சாப்பாடு ஆறிப்போவுது," என்று மகேந்திரன் தமிழில் முணுமுணுத்துவிட்டு, மலாயில் உரக்கச் சொன்னார். "கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று முன்மொழிகிறேன்."

கை ஏற்கெனவே பாதி வழியில் இருந்தது. மீதி வழி அதற்குப் பழக்கம்.

"சாயா சொக்கோங்!"

குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அன்றைக்கு அவர் சொன்னதிலேயே அதுதான் மிகத் தெளிவாக இருந்தது. பிரமிளா படியிறங்கி வந்தபோது அவர் தட்டோடு நின்றிருந்தார். "பாத்தியா தங்கச்சி, யாரும் வாயத் தொறக்கல," என்றார் வருத்தத்துடன். வருத்தம் நிஜமானது. அவள் அவருடைய தட்டைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை. சன்னாசிக்கு டயலிசிஸ் நாள். பஸ் காலையில் சந்திப்புக்கு வந்து, யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் திரும்பிப் போனது. பக்கத்து வீட்டுக்காரரின் லோரி ஈப்போ பக்கம் போகவில்லை. பிரமிளா ஒரு காரை இரவல் கேட்டு வாங்கி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வர மாலையாகிவிட்டது. காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதில் இரவு வேலைக்குத் தாமதம். இனி வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் வாசலிலேயே சொன்னார். பத்திரிகையில் தீர்மானச் செய்தியும் படமும் வந்திருந்தன. படத்தில் சுகுமாரனின் கை முகத்தைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. வேலை போய்விட்டது, அடுத்த கூட்டத்திலாவது யாராவது பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள் என்று தாமானின் வாட்ஸ்அப் குழுவில் பிரமிளா எழுதினாள். முதல் கட்டைவிரல் சுகுமாரனுடையது. அதன் பிறகு குழு முழுவதும் கட்டைவிரல்கள். யார் கேட்பது என்று ஒருவரும் எழுதவில்லை.

என்ன மனிதர்கள் என்று நீங்கள் இப்போது தலையை ஆட்டினீர்கள். நன்றி. உங்கள் ஆதரவு பதிவாகிவிட்டது.