மம்சாபுரத்து மஞ்சள்

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்து ஓடைக் கரையில், அதுவரை எந்தத் தாவரவியல் புத்தகத்திலும் இடம்பெறாத செடி ஒன்றின் இரண்டு தூர்கள், எலுமிச்சைச் சோறு காலியான தூக்குவாளிக்குள் போயின.

தூக்குவாளிக்காரர் கௌதம்ராஜ், ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் பத்தொன்பது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறவர். குடும்பத்தோடு மலைக்கோயிலுக்குப் போன இடத்தில், சிறுநீர் கழிக்கப் பாதையை விட்டு இறங்கினார். சருகுக்கு அடியில், தரையை ஒட்டி, உதட்டில் ஊதாக் கறையோடு ஒரு வெள்ளைப் பூ. கிழங்கை ஒடித்து முகர்ந்தார். பச்சைக் கற்பூர வாசனை. இஞ்சிக் குடும்பம், மஞ்சளுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் அவருக்குத் தெரிந்த எந்த மஞ்சளும் இல்லை. பூவை விலக்கிவிட்டால் கல்வாழைக் கன்றோ என்று யாரும் திரும்பிப் பார்க்காத இலை.

அது புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் ஓர் இலையைக் கிள்ளினாலும் வழக்கு. ஆனால் புதுச்செடிக்குப் பெயர் வைத்தால், அதன் பின்னால் வைத்தவர் பெயரும் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பது வருடத்தில் கௌதம்ராஜின் பெயர் ஒட்டியது கல்லூரி வருகைப் பதிவேட்டிலும் ஸ்கூட்டரின் ஆர்.சி. புத்தகத்திலும்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தூரைப் பெயின்ட் வாளியில் நட்டார். இன்னொன்றைப் பூவோடு செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, பாரத்துக்குக் கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்தார்.

மூன்றாம் நாள் மனைவி காளீஸ்வரி வந்து நின்றாள். "ஏங்க, கிரைண்டர் கல்லு எங்க?"

"ஆராய்ச்சியில இருக்கு."

"அப்ப நாளைக்கு ஆராய்ச்சியவே இட்லியா ஊத்திரவா?"

கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் டாக்டர் ஜெபக்குமார், நாகர்கோவில்காரர், இஞ்சிக் குடும்பத்திலேயே தலை நரைத்தவர். ஒரே வரியில் பதில் போட்டார்: வனத்துறை அனுமதி எண் என்ன?

கௌதம்ராஜ் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, செடி காட்டில் எடுத்ததல்ல, மம்சாபுரத்தில் ஒரு தனியார் தென்னந்தோப்பில் தானாக வளர்வது என்று எழுதினார். தோப்பு காளீஸ்வரியின் அண்ணன் ஆண்டிச்சாமியுடையது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் மச்சான் எத்தனையோ முறை கூப்பிட்டும், கௌதம்ராஜ் மோட்டார் ரூமைத் தாண்டி உள்ளே போனதில்லை. தென்னந்தோப்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும் என்றார் ஆசிரியர். கௌதம்ராஜ் மச்சானிடம் வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் கேட்டு, வந்ததை அப்படியே அனுப்பி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஜெபக்குமாரே போனில் வந்தார். "சார், நீங்க குடுத்த எடத்துல ஒரு புரோட்டாக் கடைல்லா இருக்கு?"

"சாப்பிடும்போது அனுப்பிட்டாரு சார். தோப்பு பக்கத்துலதான்."

"மலைச் செடி மாரி இருக்கது தென்னந்தோப்புல எப்படி வந்துன்னு எனக்கு ஒரு சந்தேகம். சனிக்கெழம நேர்ல வாறேன். செடி அங்க இருந்தா கட்டுரை பிரிண்டுக்குப் போவும். இல்லன்னா இல்ல, பாத்துக்கிடுங்க."

பெயின்ட் வாளியில் இருந்தது அதற்குள் இரண்டு தூராகப் பிரிந்து, ஒன்றில் பூவும் விட்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் வாளியோடு தோப்புக்குப் போய், மோட்டார் ரூமை ஒட்டிய தென்னைக்குக் கீழே இரண்டையும் நட்டார். மாடு மிதிக்காமலிருக்கச் சுற்றிலும் செங்கல் வைத்தார். செங்கல் இருந்தால் நட்ட செடி என்று தெரிந்துவிடும். எடுத்தார். எடுத்தால் களை என்று பிடுங்கிவிடுவார்கள். நிமிர்ந்தபோது, தோப்பில் களை எடுக்கும் சுடலையம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, இந்த ரெண்டுலயும் கை வச்சிராத. இது போச்சுன்னா என் மானமே போச்சு."

"நீங்க நடுறதப் பாத்துக்கிட்டுத்தானய்யா நிக்கேன். ஒரு இலை வாடாது."

"பாத்ததையும் மறந்துரு."

"மறந்துட்டேன்யா."

இதற்கிடையில் காளீஸ்வரி, ஆய்விதழ் ஆசிரியர் தோப்பைப் பார்க்க வருவதை மட்டும் போனில் அண்ணனிடம் சொல்லியிருந்தாள். ஆண்டிச்சாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மாப்ள, அம்புட்டுப் பெரிய ஆளு நம்ம தோப்புக்கு வாராக. பொதர் மண்டிக் கெடந்தா நமக்குல்ல அசிங்கம்? நாளைக்கே பூரா சுத்தம் பண்ணிருதேன்."

"வேண்டாம் மச்சான். இயற்கையா இருக்கட்டும்."

"இயற்கையா கெடந்தா, ஆள் இல்லாத தோப்புன்னு நெனப்பாக. நீங்க சும்மா இருங்க."

சுடலையம்மாளிடம் சொல்லியாயிற்று என்ற தைரியத்தில் கௌதம்ராஜ் சும்மா இருந்தார்.

சனிக்கிழமை தோப்பு கல்யாண வீட்டு முற்றம் போல இருந்தது. வாய்க்கால் ஓரம் வழித்துத் துடைத்திருந்தது. துண்டு விரித்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், சீவி வைத்த இளநீர். கடைசி வரிசைத் தென்னைக்கு அப்பால் குவித்த களை, பச்சையாக இருந்ததால் எரியாமல் புகைந்துகொண்டிருந்தது.

"நல்ல மணமா இருக்கே" என்றார் ஜெபக்குமார். "பக்கத்துல கோயிலா?"

"இருக்கும் சார்" என்றார் கௌதம்ராஜ்.

ஜெபக்குமார் மண்ணில் முழங்காலிட்டு, லென்ஸைக் கண்ணில் வைத்துப் பத்து நிமிடம் பூவைப் பார்த்தார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"புதுசுதான். சந்தேகமே இல்ல."

கௌதம்ராஜுக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டார்.

"ஆனா ரெண்டே ரெண்டு தூருதான் நிக்கு" என்றார் ஜெபக்குமார். "தானா வளர்ற செடின்னா வாய்க்கா ஓரமெல்லாம் பரவிக் கெடக்கணுமே. இது எங்கேந்தோ கொண்டாந்து நட்ட மாரில்லா இருக்கு?"

"ஆடு மேஞ்சிருக்கும் சார்."

"என் தோப்புக்குள்ள ஆடா?" ஆண்டிச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலியப் பாத்தீகளா மாப்ள? எலி கூட என்கிட்டக் கேட்டுட்டுத்தான் உள்ள வரும்."

ஜெபக்குமார் சுற்றிலும் பார்த்தார். மண்வெட்டியில் சாய்ந்து நின்ற சுடலையம்மாளைக் கேட்டார். "ஏம்மா, இந்தச் செடி இங்க வேற எங்கயாவது உண்டா?"

தன் வேலையில்தான் ஏதோ குறை கண்டுவிட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது. கௌதம்ராஜைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள்.

"சார் நட்டுவச்ச ரெண்டையும் நான் தொடலய்யா. வருசாவருசம் வாய்க்கா ஓரம் பூரா தானா மொளச்சுக் கெடக்குமே, அதத்தான் ஒன்னு விடாம நேத்துக் கெழங்கோட தோண்டிப் போட்டேன், அந்தா, பொகையுதுல்ல."