தலைக்கு இரண்டு கறவை மாடு

"ஏழாம் பிரிவை ஒருக்கா வாசியுங்கோ அன்ரி—"

"வாசிச்சு என்ன செய்யிறது, கல்விக் கந்தோருக்கு அனுப்பியாச்சு—"

"'ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது இரண்டு கறவை மாடுகள் வைத்திருத்தல் வேண்டும்.' இதென்ன அன்ரி?" என்றாள் முன்பள்ளி ரீச்சர் இஷ்ரா.

கமலாசனி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். எழுத்து மாறவில்லை.

முன்பள்ளியைப் பதிவதற்கு ஒரு யாப்பு, அதாவது எழுதிவைத்த விதிகள், வேண்டுமென்று சட்டம். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து, யாப்பில் உள்ளபடி பள்ளி நடக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் பூட்டுத்தான். பிறகு இருபத்திரண்டு குஞ்சுகளும் லொறிகளுக்கு நடுவே ஏ-ஒன்பது வீதியைக் கடந்து அடுத்த ஊருக்குப் போகவேண்டும்.

நிர்வாகசபைத் தலைவி கமலாசனி பால் சங்கத்தில் முப்பது வருடம் கிளாக்கர். யாப்பெழுத வேறு ஆள் எதற்கென்று அவரேதான் கேட்டார். பால் சங்க யாப்பை எடுத்து, 'உறுப்பினர்' என்று இருந்த இடமெல்லாம் 'பிள்ளை' என்று போட்டார். இஷ்ரா ரீச்சருக்கு ஒரு சொல்லும் காட்டாமல் அனுப்பியும் விட்டார்.

"திருத்தலாம். பத்தொன்பதாம் பிரிவு இருக்கு. பொதுக்கூட்டத்தில மூண்டில இரண்டு பங்கு உறுப்பினர் கையை உயர்த்தினால் சரி."

"உறுப்பினர் ஆர் அன்ரி?"

கமலாசனி யோசித்தார். "பிள்ளையள்தான்," என்றார், குரல் இறங்கி.

மறுநாள் பாயில் பொதுக்கூட்டம் நடந்தது. மாடு வேண்டாம் என்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னதும் இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. கமலாசனிக்கு உயிர் வந்தது. ஆனால் முறையென்று ஒன்று இருக்கிறதே. மாடு வேண்டும் என்பவர்கள் யாரென்றும் கேட்டார். நாற்பத்திநாலு கைகள் உயர்ந்தன. ஷிபா, கன்றுக்குட்டியும் வருமா என்று கேட்டாள்.

இரண்டையும் கூட்டறிக்கையில் எழுதினார்; திருத்தம் விழுந்தது. முப்பது வருடத்தில் பொய் அறிக்கை எழுதாத கை.

"இரண்டாவது கேள்வியைக் கேக்காமல் விட்டிருக்கலாம் அன்ரி."

"எனக்கு அந்தளவு மூளை இருந்தால் முதலே மாடு வந்திருக்காது."

மிச்சமிருந்தது ஒரே வழி: யாப்பை மாற்ற முடியாவிட்டால் பள்ளியை மாற்றுவது. வெள்ளி காலை, ஊரில் மாடு வளர்க்கும் பேச்சியம்மா தன் பட்டியிலிருந்து நாற்பத்திநாலு மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்தார். அதில் ஐந்தாறு எருதென்றும், அதிகாரி குனிந்து பார்க்கமாட்டார்தானே என்றும் கமலாசனியின் காதோடு சொன்னார்.

ஒன்பது மணிக்குள் மாடுகள் கிளிசரியாத் தழை வேலியைத் தின்று முடித்தன. வேலி இருக்கவேண்டும் என்பதும் சட்டம். வரவேற்புக்குக் கட்டிய கடதாசிப் பூக்களும் போயின. ஒரு மாடு பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சறுக்கியின் கீழே படுத்துக்கொண்டு எழும்ப மறுத்தது. பிள்ளைகளுக்கு இப்படியொரு நாள் வாய்த்ததில்லை.

அதிகாரி தயாபரன் சேர் மோட்டார்சைக்கிளை வீதியிலேயே விட்டுவிட்டு, சாணத்தைத் தாண்டித் தாண்டி வந்தார். ஏழாம் பிரிவை வாசித்தார். மாடுகளைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார். வீதியில் ஒரு லொறி இரைந்து போனது.

"இந்த யாப்பு ஆர் எழுதினது?"

"நான்தான் சேர். வேற ஆரிலயும் பிழையில்லை."

தன் சேவைக்காலத்தில் எல்லாப் பள்ளியிலும் கடதாசியில் ஒன்று, நிலத்தில் ஒன்று என்றார் அவர். எழுதினதை எழுதினபடியே கண்ணால் கண்டது இங்கேதானாம். வேலியை மட்டும் ஒரு மாதத்துக்குள் அடைக்கச் சொல்லி, கையெழுத்து வைத்து முத்திரை குத்தினார். போகும்போது யாப்பில் இன்னொரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு கமலாசனி ஊரில் சட்டம் பேசவில்லை. பால் தேத்தண்ணியையும் விட்டுவிட்டார்.

புது வேலிக்குக் கதியால் தடிகள் நட்டுக்கொண்டிருந்த அன்று, இஷ்ரா கைபேசியைப் பொத்திப் பிடித்தபடி வந்தாள்.

"அன்ரி, முள்ளியவளையில இருந்து ஒரு ரீச்சர் கோல் எடுக்கிறா. கந்தோரால உங்கட யாப்பைத்தான் மாதிரியெண்டு எல்லா முன்பள்ளிக்கும் அனுப்பியிருக்கினமாம். அங்க அவ்வளவு மாடு இல்லையாம். தலைக்கு நாலு ஆடு காட்டினால் சட்டத்துக்குச் சரிவருமோ எண்டு கேக்கிறா."