ட்ராசாவில் ஒரு கோழிவலைத் தொலைநோக்கி

மனிதர்களில் அண்ட நிபுணர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அரிசி தீர்ந்தது இந்த ரகத்துக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் தீர்ந்தது தெரியாது. மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்க்கும். ஆனால் ஒரு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் வருஷத்துக்கு எத்தனை நட்சத்திரம் பிறக்கிறது என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்லும். அண்டப்புளுகு என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். சொல்வதெல்லாம் நிஜம். அதுதான் தொந்தரவே.

ஃபிஜித் தீவில், லௌட்டோகாவை ஒட்டிய ட்ராசாவில், எண்பத்தேழாம் வருஷம் இந்த ரகத்தின் உயர்ந்த மாதிரியாக விளங்கியவர் ராகவேந்திரன் மாஸ்டர். திருச்சியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த பௌதிக ஆசிரியர். கோழிவலையையும் ஓட்டைக் குடைகளின் கம்பிகளையும் வளைத்து முடுக்கி, தகரக் கூரைமேல் அவரே ஒரு பெரிய கிண்ணம் கட்டியிருந்தார். அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து காதுக்கு வரும். ரேடியோ தொலைநோக்கி என்பார். அதில் மூன்று வருஷமாகக் கேட்டது ஓர் 'உஸ்ஸ்'; பக்கத்து வீட்டு அப்பல்சாமியின் கரும்பு லாரி கிளம்பினால் நடுவில் ஒரு 'கர்ர்'. அதனால் என்ன? சாயங்காலம் அப்பல்சாமியின் கொட்டகையில், லேசான போதை தரும் யங்கோனா வேரைக் கரைத்த பெரிய மரச்சட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும், தீவு வழக்கப்படி ஒரு கைதட்டுத் தட்டிச் சிரட்டையை வாங்கிக் குடித்துவிட்டு, "நேத்து சிக்னல் கொஞ்சம் பலமா இருந்தது" என்று ஆரம்பிப்பார். கண்ணுக்குத் தெரியாதபடி தூசி மறைத்திருக்கும், நட்சத்திரம் அந்தத் தூசிக்குள்தான் பிறக்கும், ரேடியோ அலை மட்டும் தூசியைத் துளைத்துக்கொண்டு வந்து நமக்குச் செய்தி சொல்லும் என்பார். அப்பல்சாமியும் சர்க்கரை ஆலைக் குமாஸ்தா யோகேந்திராவும் வாய் பிளந்து கேட்பார்கள்.

மே மாதம் சிப்பாய்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளியினர் அதிகம் இருந்த அரசைக் கவிழ்த்தார்கள். ஊரே நடுங்கியது. மாஸ்டர் நடுங்கினாரா? "ரெண்டு நட்சத்திர மண்டலம் உரசினாத்தான் வாயு நசுங்கும், நசுங்கினாத்தான் புது நட்சத்திரம்" என்றார். பார்கவிக்கு அந்த நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை. மாஸ்டரின் மனைவியான அவள் ஆறு மாதம் அலைந்து நியூசிலாந்துக்கு மூன்று விசா வாங்கினாள். சனிக்கிழமை விமானம். வியாழக்கிழமை காலை, லௌட்டோகா ஏஜெண்டிடமிருந்து பாஸ்போர்ட்டுகளை வாங்கி வரும் ஒரே ஒரு வேலையைக் கணவரிடம் கொடுத்தாள். அதுவே தப்பு.

வாங்கியவர் நேரே வந்திருக்கலாம். போகிற இடத்திலும் கிண்ணம் கட்டத்தானே போகிறோம் என்று பத்து கஜம் கேபிளும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்திய சிப்பாய் பையைத் திறந்து, இது என்ன என்று கேட்டான். கேபிள் என்றால் முடிந்தது. நம் ஆள் அப்படிச் சொல்வாரா? கூரைமேல் ஒரு கருவி இருப்பதையும், வெகு தூரத்திலிருந்து வரும் ரகசிய சமிக்ஞைகளை அது வாங்குவதையும், கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், பஸ் முழுக்கக் கேட்கும்படி விளக்கினார். சிப்பாய் முழுவதும் பொறுமையாகக் கேட்டான். பிறகு மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டான்.

மத்தியானம் ஒரு லெப்டினன்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். கூரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பாஸ்போர்ட்டுகளை மேஜைமேல் வைத்து அதன்மேல் தொப்பியை வைத்தார். அப்பல்சாமியும் யோகேந்திராவும் வேலி ஓரம் நின்றார்கள்.

"தூரத்தில் இருப்பது ஹைட்ரஜன் வாயு சார்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார் மாஸ்டர்.

"ஹைட்ரஜன் நானும் படித்திருக்கிறேன், மாஸ்டர். இதில் இதுவரை என்ன கேட்டது? கேட்டதென்றால் சூவா தலைமையகத்துக்கு எழுதி விசாரிக்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும். ஒன்றும் கேட்டதில்லை என்று கையெழுத்துப் போட்டால் இப்போதே பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளலாம்."

எவ்வளவு சுலபமான பரீட்சை! மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. மூன்று வருஷம் தன் பேச்சைக் கேட்ட இரண்டு பேர் வேலி ஓரம் நிற்கிறார்களே!

"கேட்கவில்லை என்று விஞ்ஞானப்படி சொல்ல முடியாது சார். இரைச்சலுக்குள் சமிக்ஞை புதைந்து..."

"ஏங்க, நாளன்னிக்கி ஃப்ளைட்டுங்க!"

"இரு பார்கவி. சார் விஷயம் புரிஞ்சவரா இருக்கார்."

"அய்யோ கடவுளே! உஸ்ஸுங்கறதத் தவிர ஒரு மண்ணும் கேட்டதில்லன்னு எழுதிக் குடுத்துத் தொலைங்களேன்! நம்ம மாளவிகா எத்தனாவது படிக்கிறான்னு உங்களுக்குத் தெரியுமா? மூணாவது. நாலு மாசமா பாதி நாள் ஸ்கூல் கிடையாது. உங்க நட்சத்திரம் ஒரு கோடி வருஷம் காத்திருக்கும். அவ காத்திருப்பாளா?"

மாஸ்டர் பேனாவை எடுத்தார். வைத்தார். மகள் வாசற்படியில் பயணப் பெட்டிமேல் உட்கார்ந்து, பெட்டியோடு சேர்த்துத் தன்னையும் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள், விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று. 'இக்கருவியில் இன்றுவரை எதுவும் கேட்டதில்லை' என்று லெப்டினன்ட் எழுதி நீட்டிய தாளில், மாஸ்டர் எழுத்துக் கோணக் கோணக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும் வேலி ஓரம் வந்து நின்றார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்பல்சாமி, நான் உங்ககிட்டல்லாம் இத்தனை நாளா..."

"அட விடு மாஸ்டர். எங்களுக்குப் போன வருசமே தெரியும். நீ ஊர்ல இல்லாதப்ப யோகேந்திரா வந்து காதுல மாட்டிப் பாத்தான். ஒண்ணும் இல்ல. என் லாரிதான்."

"அப்புறம் ஏன் தினம் உக்காந்து கேட்டீங்க?"

அப்பல்சாமி கரும்புக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சுதான். எவன் வீட்ட விக்கிறான், எவனுக்கு விசா வந்துது, எவன் போய்ட்டான். ஒன் வாயிலதான் வேற பேச்சு வரும். சனிக்கிழமைக்கு மேல நாங்க எதக் கேக்கறது, சொல்லு?"

ஒரு கோடி ஒளியாண்டுக்குப் பதில் வைத்திருந்தவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நம் கூரையில் கிண்ணம் இல்லை என்றா? நேற்று சாயங்காலம் நண்பர் வீட்டில், போயிராத ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினீர்களே. அவர்களும் காபியை ஆறவிட்டு, தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்களே. உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்குப் போன வருஷமே தெரியும்.